வரைபடத்தில் இல்லாத ஊர்

நுழையும்முன்

கொல்கத்தாவின் புகழ்பெற்ற கால்பந்து அணிகளுள் ஒன்றின் பெயர் 'ஈஸ்ட் பெங்கால்'. கிழக்கு வங்காளம் என்பது அதன் பொருள். அப்பெயரில் இன்று நாடும் இல்லை, மாநிலமும் இல்லை. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள், தாம் ஒருநாளும் கண்டிராத ஊருக்கு உரியவர்களாக ஓர் அணியின் வழியே எவ்வாறு வளர்ந்தனர் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எந்த ஊர்?

தமிழகத்தில் இருவர் புதிதாக அறிமுகமாகும்போது பெயருக்கு அடுத்து எழும் வினா 'எந்த ஊர்?' என்பதாகும். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவரும் அவ்வினாவிற்குத் தம் தந்தையின் ஊரையோ பாட்டனாரின் ஊரையோ விடையாகச் சொல்வதுண்டு. வங்காளத்திலும் இவ்வழக்கம் உண்டு. 'உங்கள் தேஷ் எது?' என்று அங்குக் கேட்பர். 'தேஷ்' என்னும் சொல்லுக்கு நாடு என்பது பொருள். ஆயினும் பேச்சுவழக்கில் அது முன்னோர் வாழ்ந்த ஊரைச் சுட்டும். குடியிருக்கும் இடத்திற்கும் அம்மொழி இரு சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. பிழைப்பின் பொருட்டுத் தங்கும் இடம் 'பாசா'. தலைமுறை தலைமுறையாக வேர்பிடித்த இல்லம் 'பாரி'. வாடகை வீட்டில் வாழ்பவர் விடுமுறைக்குச் 'சொந்த ஊர்' செல்வதாகக் கூறும் தமிழ் வழக்கோடு இதனை ஒப்பிடலாம்.

1947ஆம் ஆண்டு நாட்டுப் பிரிவினையின்போது வங்காளம் இரண்டாகப் பிளவுண்டது. டாக்கா, பரிசால், மைமன்சிங், பரீத்பூர், குமில்லா முதலிய மாவட்டங்கள் எல்லைக்கு அப்பால் சென்றன. அங்கிருந்து இலட்சக்கணக்கானோர் கொல்கத்தாவை நோக்கிப் பெயர்ந்தனர். சியால்டா தொடர்வண்டி நிலையத்தின் நடைமேடைகளிலேயே பல குடும்பங்கள் மாதக்கணக்கில் வாழ்ந்தன. இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்கள் தங்கியிருந்த யாதவ்பூர் முகாம், பிஜய்கர் என்னும் குடியிருப்பாயிற்று. நகரின் தென்புறத்தில் ஆளில்லா நிலங்களில் இரவோடிரவாக மூங்கிற்குடிசைகள் எழுந்தன. காலையில் நிலக்கிழாரின் ஆள்கள் வந்து பிரித்தெறிந்தால் அடுத்த இரவில் மீண்டும் எழுந்தன.

இக்குடிசைகளில் பிறந்த குழந்தைக்கு 'தேஷ்' எது? அதன் தாய்தந்தையர் பரிசால் என்றே விடை கூறினர். குழந்தையும் அவ்வாறே கூறக் கற்றுக்கொண்டது. பரிசாலின் ஆறுகளையும் பாக்குத் தோப்புகளையும் அது கண்டதில்லை; காண்பதற்குரிய வழியும் எளிதாக இல்லை. வாயால் சொல்ல முடிந்த ஊரைக் கண்ணால் காண ஓரிடம் வேண்டியிருந்தது. கொல்கத்தா மைதானத்தில் செந்நிறமும் பொன்னிறமும் கலந்த சட்டையணிந்து ஆடிய பதினொருவரிடத்தில் அது கிடைத்தது.

பெயர் பிறந்த கதை

அந்த அணி பிரிவினையால் தோன்றியதன்று. அதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது. அதனினும் மூத்தது மோகன் பகான். 1889 ஆகஸ்டு 15 அன்று வடகொல்கத்தாவில் தொடங்கப்பெற்ற அந்த அணி, 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் ஆங்கிலேய அணியை 2–1 என்னும் கோல் கணக்கில் வென்றது. பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்தவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே. சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தனர். திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் பின்வரிசைகளில் நின்று ஆட்டத்தைக் காண இயலாதவர்களுக்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் கோல் நிலவரம் அறிவித்தனர். ஆள்வோரை அவர்களது ஆட்டத்திலேயே வென்ற அந்நாளில், வங்காளத்தின் கிழக்கும் மேற்கும் சேர்ந்தே மகிழ்ந்தன.

ஒன்பதாண்டுகளுக்குப் பின் நிலைமை மாறியது. 1920 ஜூலையில் மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான் என்னும் அணி ஆடியது. கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரருக்கு அதில் இடம் மறுக்கப்பட்டது. அவ்வணியின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி காரணம் கேட்டார், நிறைவான விடை கிடைக்கவில்லை, விலகினார். நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஆகஸ்டு 1 அன்று ஈஸ்ட் பெங்கால் அணியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அதன் சின்னமான தீவட்டி, ஆதரவாளர்கள் தீவட்டி ஏந்தி நடத்திய போராட்டம் ஒன்றின் நினைவாக வந்தது. தொடக்கம் முதலே அது மறுக்கப்பட்ட இடத்தைக் கேட்டுப் பெறும் அணியாகத் தன்னைக் கருதியது.

மேற்கு வங்காளத்தாரைக் 'கோட்டி' என்றும் கிழக்கிலிருந்து வந்தோரை 'பாங்கால்' என்றும் கேலியாக அழைப்பது கொல்கத்தா வழக்கு. முன்னதற்குச் சொம்பு என்று பொருள். பின்னது நாட்டுப்புறத்தான் என்னும் ஏளனத்தோடு வழங்கியது. (நெல்லை வட்டாரத்தில் வழங்கும் 'கோட்டி' என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எனினும், இரண்டு அணிகளும் மோதும் நாள்களில் நெல்லைப் பொருளும் இரு தரப்பினர்க்கும் பொருந்தக்கூடும்.) பேச்சில் ஒலிவேறுபாடு, சமையலில் சுவை வேறுபாடு எனத் தொடங்கிய இக்கேலி, கால்பந்தில் வந்து நிலைகொண்டது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் ஹில்சா மீனின் விலை ஏறும். மோகன் பகான் வென்றால் இறாலின் விலை ஏறும் என்பர். சந்தைக்குச் செல்லும் முதியவர் வாங்கிய மீனைக் கொண்டே அவர் எவ்வணிக்கு உரியவர் என்று தெரு அறிந்துகொண்டது.

1920இல் 'கிழக்கு வங்காளம்' என்பது ஒரு திசையின் பெயர். 1947க்குப் பின் அது எல்லைக்கு அப்பாலுள்ள மாகாணத்தின் பெயர். 1955இல் அந்த மாகாணம் கிழக்குப் பாகிஸ்தான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1971இல் வங்கதேசம் என்னும் தனிநாடாயிற்று. இவ்வாறு அரசு ஆவணங்களிலிருந்தும் வரைபடங்களிலிருந்தும் நீங்கிய பெயர், அகதிகள் வந்து சேர்ந்த நகரத்தில் ஒரு கால்பந்து அணியின் பெயராக மட்டும் நிலைத்தது. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அப்பெயர் அச்சாவதைக் காண்பதே பலருக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

குடிசைகளும் வானொலியும்

அக்குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் அணியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தாய்மொழியைப் போலவும் குலதெய்வத்தைப் போலவும் அது அவர்களை வந்தடைந்தது. வீட்டில் தந்தை அரிசிக்கடையில் கணக்கெழுதினார். அல்லது வேலை தேடி அலைந்தார். ஊரில் தமக்கிருந்த நிலத்தையும் குளத்தையும் பற்றி அவர் பேசத் தொடங்கினால் வீடு மௌனமாகும். ஆட்டத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினாலோ வீடு கலகலக்கும். இழப்பை நேரடியாகப் பேச இயலாத குடும்பங்களுக்குக் கால்பந்து ஒரு பேச்சுமொழியைத் தந்தது எனலாம்.

கொல்கத்தாவில் கால்பந்து மழைக்காலத்து விளையாட்டு. லீக் ஆட்டங்கள் கோடையின் இறுதியில் தொடங்கிப் பருவமழையினூடே நடைபெறும். வெள்ளம் தேங்கும் தாழ்நிலங்களில் அமைந்த குடியிருப்புகளுக்கு மழை துன்பந்தருவது. ஆயினும் பிள்ளைகளுக்கு அதுவே ஆட்டக்காலம். சேற்றில் துணிப்பந்தை உதைக்கும்போது ஒவ்வொருவனும் ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சூட்டிக்கொள்வான். விரும்பிய பெயரைப் பெறுவதற்கே சண்டை நிகழும்.

மாலையில் வானொலிப்பெட்டி இருந்த வீட்டின் முற்றத்தில் தெருவே கூடும். அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார் ஆகியோரின் வங்காள மொழி வருணனை ஆகாசவாணியில் ஒலிக்கும். மைதானத்தை ஒருமுறையேனும் காணாதவர்கள்கூட, பந்து இடப்புறம் செல்கிறதா வலப்புறம் செல்கிறதா என்பதை அக்குரல்களின் ஏற்ற இறக்கத்தால் உணர்ந்தனர். அரங்கிற்குச் செல்ல வாய்ப்பற்ற பெண்களும் முதியோரும் இவ்வாறே அணியோடு பிணைந்தனர்.

முதன்முறையாக மைதானம் செல்லும் நாள் பிள்ளையின் வாழ்வில் ஒரு சடங்கு போன்றது. குதிரைமேல் அமர்ந்த காவலர், மணிக்கணக்கில் நீளும் வரிசை, மரப்பலகைகளாலான படிவரிசை, தலைக்குமேல் விரியும் குடைகள் இவற்றைக் கடந்து பச்சைத்திடல் கண்ணில் படும். நுழைவுச்சீட்டு கிடைக்காதோர் வில்லியம் கோட்டையின் மண்மேட்டில் ஏறி நின்று பார்த்தனர். அங்கிருந்து ஆட்டக்காரர்கள் எறும்புகளைப் போலவே தெரிந்திருப்பர். தொலைவிலிருந்தே நேசிப்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

வங்காளப் புத்தாண்டு நாளாகிய பொய்லா பைசாக் அன்று காலையில் அணிகள் தம் திடலில் கோல் கம்பத்திற்குப் பூசை செய்யும். புதிய ஆட்டப்பருவம் அதனோடு தொடங்கும். உழவர் ஏருக்குச் செய்யும் வழிபாட்டைப் போன்றது அது. நிலமிழந்த உழவர் குடும்பத்துப் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் நின்றனர்.

தெற்கிலிருந்து வந்த ஐவர்

இத்தகைய ஆழ்ந்த பற்றைக் காணும் ஒருவர், அந்த அணியில் கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர்கள் மட்டுமே ஆடியிருப்பர் என்று எண்ணக்கூடும். உண்மை வேறு. அகதிகள் வந்து குவிந்த அதே ஆண்டுகளில், அதாவது 1949 முதல் 1953 வரை, ஈஸ்ட் பெங்காலின் முன்கள ஆட்டக்காரர்களாக விளங்கியோர் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவர். 'பஞ்ச பாண்டவர்' என்று கொல்கத்தா அவர்களைப் போற்றியது. ஐவருமே தென்னிந்தியாவிலிருந்து சென்றவர்கள். அவர்களுள் ஒருவருக்கும் பரிசாலிலோ டாக்காவிலோ வீடு இருந்ததில்லை. வங்காளம் அவர்களின் தாய்மொழியும் அன்று.

அவர்கள் காலத்தில் அணி 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. வீட்டில் அடுத்த வேளை உணவுக்கு வழியில்லாதவர், மூன்றாம் ஆண்டாகக் கோப்பை வென்ற அணியின் ஆதரவாளராகத் தலைநிமிர்ந்து டிராமில் ஏறினார். அலுவலகத்தில் அவரைப் பாங்கால் என்று எள்ளியவர்கள் அன்று ஒருநாளேனும் வாய்மூடியிருந்தனர்.

இச்செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஊரின் பெயரைத் தாங்கிய அணிக்கு ஊர் கிடைத்தது ஆட்டக்காரர்களின் பிறப்பால் அன்று. படிவரிசையில் அமர்ந்திருந்தவர்களின் பற்றினால். பின்னாளில் ஈரானிலிருந்து வந்த மஜித் பிஷ்கரையும் சிக்கிமிலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியாவையும் அதே குடியிருப்புகள் தம் வீட்டுப்பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டன. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் பூட்டியா அடித்தவை. அன்று அரங்கில் கூடியிருந்தோர் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். மலைநாட்டு இளைஞர் ஒருவரின் கோலுக்காக, ஆறுகளின் நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கண்ணீர் சிந்தினர்.

பதினாறு பேர்

பற்றுக்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்து இவ்வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

1970களில் ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தா லீக் பட்டத்தை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 1975 செப்டம்பர் 30 அன்று ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5–0 என வீழ்த்தியது. 'ஐந்து' என்னும் எண்ணே ஒரு வசைச்சொல்லாயிற்று. வகுப்பறையிலும் கடைத்தெருவிலும் விரல் ஐந்தையும் விரித்துக் காட்டினால் போதும், சண்டை மூளும். கேலி, கேலி என்னும் எல்லையைக் கடந்தது எப்போது என்று எவராலும் சுட்ட இயலவில்லை.

1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் கார்டன் அரங்கில் இரு அணிகளும் லீக் ஆட்டத்தில் மோதின. திடலில் ஆட்டக்காரர்களிடையே எழுந்த சச்சரவு பார்வையாளர் பகுதிக்குப் பரவியது. கல்லெறி, கைகலப்பு, ஓட்டம், நெரிசல். ஆட்டம் காணச் சென்ற பதினாறு பேர் வீடு திரும்பவில்லை. அவர்களைக் காத்திருந்த வீடுகளில் சிலவற்றில் ஹில்சா வாங்குவோரும் சிலவற்றில் இறால் வாங்குவோரும் இருந்தனர் என்பதன்றி வேறு வேற்றுமை இல்லை. ஆட்டம் பார்க்கச் சென்று மீளாத மகனைப் பற்றிப் பாடகர் மன்னா தே பாடிய வங்காளப் பாடல், அத்துயரத்தை இன்றும் நினைவில் நிறுத்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 16 கொல்கத்தாவில் கால்பந்து அன்பர்களின் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று இருதரப்பு ரசிகர்களும் குருதிக்கொடை அளிக்கின்றனர். குருதிப்பைகளில் அணியின் பெயர் எழுதப்படுவதில்லை.

பேரக்குழந்தைகளின் காலம்

காலப்போக்கில் மூங்கிற்குடிசைகள் காரை வீடுகளாயின. அவை அடுக்ககங்களாகவும் மாறின. கிழக்கு வங்காளப் பேச்சொலியைப் பேரக்குழந்தைகள் மறந்தனர். இரு தரப்புக் குடும்பங்களுக்கிடையே மணவுறவுகள் பெருகின. தந்தை ஓர் அணி, தாய் மற்றோர் அணி என்னும் வீட்டில் பிறந்த பிள்ளை எவ்வணிக்கு உரியது என்பது இன்றும் பல வீடுகளில் தீராத வழக்கு.

அணியும் பழைய நிலையில் இல்லை. 2003இல் ஜகார்த்தா நகரில் ஆசியான் சங்கங்களுக்கான கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால், 2003–04 பருவத்திற்குப் பின் இருபது ஆண்டுகள் தேசிய லீக் பட்டம் எதனையும் பெறவில்லை. 2009 அக்டோபரில் மோகன் பகான் 5–3 என வென்று பழைய 'ஐந்து' என்னும் கணக்கை ஓரளவு தீர்த்துக்கொண்டது. 2012இல் ஃபெடரேஷன் கோப்பை வென்றதோடு ஈஸ்ட் பெங்காலின் தேசிய வெற்றிகள் நின்றுபோயின. அவ்வாண்டில் பிறந்த குழந்தை, தன் அணி தேசிய அளவில் ஒரு கோப்பையை உயர்த்துவதைக் காண 2024 ஜனவரி 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று புவனேசுவரத்தில் ஒடிசா அணியைக் கூடுதல் நேரத்தில் 3–2 என வீழ்த்தி சூப்பர் கோப்பையை வென்றது ஈஸ்ட் பெங்கால். வெல்லும் அணியைத் தொலைக்காட்சியில் தேர்ந்தெடுத்து நேசிக்கும் வாய்ப்பு அக்குழந்தைக்கு இருந்தது. ஐரோப்பிய அணிகள் அதன் கைப்பேசியிலேயே நாள்தோறும் வென்றுகொண்டிருந்தன. ஆயினும் பாட்டி பிறந்த ஊரின் பெயர் அவ்வணிகள் எவற்றிலும் இல்லை.

பெயரின் அருமையை எதிரணியும் அறிந்திருந்தது. 2020இல் மோகன் பகான் மற்றொரு நிறுவன அணியோடு இணைந்தபோது அதன் பெயருக்கு முன் வேறொரு பெயர் ஒட்டப்பட்டது. ரசிகர்கள் விடாது எதிர்ப்புத் தெரிவித்தனர். 2023இல் அம்முன்னொட்டு நீக்கப்பட்டது.

2020 ஜனவரி 19 அன்று நடைபெற்ற ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் பெரும் பதாகையொன்றை விரித்தனர். குடியுரிமைக்குரிய ஆவணங்களைப் பற்றி நாடெங்கும் விவாதம் எழுந்திருந்த காலம் அது. இந்த மண்ணில் தம் முன்னோர் பெற்ற இடம் தாள்களால் வந்ததன்று என்னும் கருத்து அப்பதாகையில் எழுதப்பட்டிருந்தது. அதனைத் தாங்கிய இளைஞர்களில் பெரும்பாலோர் சியால்டா நடைமேடையில் உறங்கியவர்கள் அல்லர். அங்கு உறங்கியவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அன்றைய ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 2–1 எனத் தோற்றது. பதாகை மறுநாள் நாளிதழ்களில் இடம்பெற்றது.

2024 ஆகஸ்டு 18 அன்று டியூராண்டு கோப்பைக்காக இரு அணிகளும் சால்ட் லேக் அரங்கில் ஆடுவதாக இருந்தது. கொல்கத்தா மருத்துவமனையொன்றில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் கொலையுண்டதைக் கண்டித்து நகரம் கொந்தளித்திருந்த நாள்கள் அவை. பாதுகாப்பைக் காரணங்காட்டி ஆட்டம் நீக்கப்பட்டது. எனினும் ரசிகர்கள் அரங்கின் முன் திரண்டனர். பச்சை–அரக்குக் கொடியும் செம்பொன் கொடியும் ஒரே கூட்டத்தில் உயர்ந்தன. மூன்றாவது பழைய அணியான முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் ரசிகர்களும் உடன் நின்றனர். ஓர் அணியின் சட்டையணிந்தவர் மற்றோர் அணியின் சட்டையணிந்தவரைத் தோளில் சுமந்து நீதி கேட்டு முழங்கினார். காவலர் தடியடி நடத்தியபோது இரு நிறத்தாரும் சேர்ந்தே அடிபட்டனர்.

அக்டோபர் 19 அன்று அதே அரங்கில் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. ரசிகர்கள் தத்தம் பகுதியில், தத்தம் நிறத்தில் அமர்ந்திருந்தனர். மோகன் பகான் 2–0 என வென்றது. பழைய வழக்கின்படி அது இறாலின் நாள்.